ஆசீர்வாதம் வேற, ஓட்டு வேற

வா தாயி, உள்ளே வா. அந்த ஸ்டூல்ல உட்காரு, நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். திருப்பூர்ல இருந்தா வர்றே? ரேணுவும் நீயும் ஒரே கம்பெனியா? பக்கத்து ரூமா? சரி சரி. பாத்தியா, பெத்தவ மாதிரி வளர்த்தவளுக்கு ஒரு ஃபோன் போட மனசு வரலை. பக்கத்து ரூம் பிள்ளையை பஸ் ஏத்தி அனுப்ப மட்டும் மனசு வருது.

நீ வாசல்ல நின்னு சொன்னதை நான் ஒரு தடவை சொல்றேன், சரியான்னு பாரு. உன் ஃபோனைப் பார்த்து நான் "ரேணு, நான் பண்ணது தப்பு"ன்னு சொல்லணும். ஊருக்குக் காட்ட இல்லை, அவ கேட்கிறதுக்கு மட்டும். சொல்லிட்டா அவ வீட்டுக்கு வந்துருவா. சொல்லலைன்னா அவ துணிப்பையையும் ஓட்டர் கார்டையும் உன்கிட்ட குடுத்து விட்டுறணும். கார்டை அங்க மாத்திக்குவா, இந்த ஊர்ப் பக்கமே தலை வச்சுப் படுக்க மாட்டா. அதானே? அடியாத்தீ! நல்ல பஞ்சாயத்துதான்.

பை அந்தா, மூலையில இருக்கு. நாலு மாசமா அங்கனதான் இருக்கு. நான் தொடலை. பொறு பொறு, எந்திரிக்காதே. டீ போடுறேன். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுட்டு வந்திருக்கே, என் பக்கத்தையும் கேட்டுட்டுப் போ. என் பக்கம் பூரா எழுத்துல இருக்கு தாயி. ஜன்னல் மேல அந்த நோட்டு இருக்கு பாரு, அதை எடு.

எழுதச் சொன்னது ஹெலன் மேடம். டிரஸ்ட்ல இருந்து வரும், கவுன்சிலிங் குடுக்கிற அம்மா. எலெக்சன் முடிஞ்சு நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காம இருந்தப்ப வந்துச்சு. எனக்கொரு நோட்டு, அவளுக்கொரு நோட்டு. "எலெக்சன் உங்க மனசை என்ன பண்ணுச்சோ அதை தெனமும் எழுதுங்கம்மா, யாரும் படிக்க மாட்டாங்க"ன்னு சொல்லுச்சு. யாரும் படிக்க மாட்டாங்கன்னா எதுக்கு எழுதணும், சொல்லு? நான் நாலு பேர் படிக்கணும்னுதான் எழுதினேன். எட்டாப்பு வரைக்கும் படிச்ச கையெழுத்துதான், ஆனா குண்டு குண்டா இருக்கும்.

மொதப் பக்கம். "இன்று கோவம். காரணம் ரேணு." அடுத்த பக்கம். "இன்றும் கோவம். காரணம் மேற்படி." மேடம் அதைப் பார்த்துட்டு, "கோவத்துக்குக் கீழே என்ன இருக்குன்னு பாருங்கம்மா"ன்னு கேட்டுச்சு. கோவத்துக்குக் கீழே என்ன இருக்கும்? தரைதான் இருக்கும். சிரிக்காதே, அப்படித்தான் சொன்னேன். அந்தம்மாவும் சிரிக்கலை.

என்னைப் பத்தி அவ என்னன்னு சொல்லி வச்சிருக்காளோ. இந்த ஊர்ல பவளம்னா தெரியாத ஆள் கிடையாது. வெள்ளிக்கிழமை நான் போய்க் கல்லாவைத் தொட்டுக் குடுத்தாத்தான் பாதி யாவாரிக்கு மனசு ஆறும். புது வண்டி எடுத்தா என் வாசல்ல கொண்டாந்து நிப்பாட்டுவாங்க. அப்படி ஒரு கைராசி. எங்க திருநங்கை ஆளுக கிட்ட ஒரு முறை இருக்கு, தாயி. கும்பிட்டு ஆசீர்வாதம்னு வந்து நின்னவன் எவனா இருந்தாலும் வெறும் நெத்தியோட அனுப்பக் கூடாது. ஆரம்பிச்சதைப் பாதியில விடவும் கூடாது. விட்டா வாங்குறவனுக்கும் ஆகாது, குடுக்கிறவளுக்கும் ஆகாது. எங்க குரு எனக்குச் சொன்னது, நான் ரேணுவுக்குச் சொன்னது. அவ கேட்டாத்தானே! "விபூதி பூசினா கடை ஓடுமாம்மா? சரக்கு நல்லா இருந்தா ஓடும்"பா. வாய்.

ஆனா பாசக்காரி. பொய் சொல்லக் கூடாது. பதினேழு வயசுல வந்தா. கூடப் பிறந்த அண்ணன்காரன் வாரியல் கட்டையால அடிச்சு, விலாவுல வீங்கிப் போய், பஸ் ஸ்டாண்டுல சுருண்டு கெடந்தா. நான்தான் கூட்டியாந்தேன். பொறவு பொண்ணா மாறுற ஆபரேஷன் முடிஞ்சு வந்து கால் நீட்ட முடியாம கெடந்தப்ப நாப்பது நாளும் வெந்நி வச்சு ஊத்துனது இந்தக் கைதான். நாப்பதாம் நாள் எங்க ஆளுகளை எல்லாம் கூப்பிட்டு, பால் ஊத்துற சடங்கு வச்சு, இவ என் மகன்னு... மகள்னு சபையில சொன்னேன். அதுக்கப்புறம் நான் வேற பிள்ளை எடுக்கலை. ஒண்ணே போதும்னு இருந்தேன்.

படிச்சா. தபால்ல பி.ஏ. முடிச்சா. இந்த வார்டுல முதியோர் பென்சனுக்கு, ரேஷன் கார்டுக்கு, எல்லாத்துக்கும் மனு எழுதிக் குடுத்தது அவதான். அந்தத் தெம்புலதான் நின்னா. பேரூராட்சி எலெக்சன்ல எங்க வார்டு பெண்கள் வார்டுன்னு வந்துச்சு. "அம்மா, நான் நிக்கப் போறேன்"னா. எனக்குச் சந்தோசம்தான். பயமும்தான். வேட்பு மனுவைப் பார்க்கிற அன்னைக்கு, "இது பொம்பளை வார்டு, இது பொம்பளையா?"ன்னு எதிர்க் கட்சிக்காரன் எந்திரிச்சுக் கேட்டானாம். ஆபீசர் ஓட்டர் கார்டைப் பார்த்துட்டு, பெண்ணுன்னுதான் போட்டிருக்கு, உட்காருங்கன்னுட்டாராம். அன்னைக்கு வீட்டுக்கு வந்து இந்த நடு வீட்டுல நின்னு அழுதா பாரு, ஒரு அழுகை. கவர்மெண்டே சொல்லிருச்சும்மான்னு. ஜெயிச்சிருந்தாக்கூட அப்படி அழுதிருக்க மாட்டா.

தையல் மிஷின் சின்னம் குடுத்தாங்க. தெருத் தெருவாப் போனா. காலையில கிளம்புறப்ப, "வரேம்மா"ன்னு மட்டும் சொல்லுவா. கவனி தாயி. "வரேம்மா." அவ்வளவுதான். ஒரு நாள் குனிஞ்சு, ஆசீர்வாதம் பண்ணும்மான்னு கேட்டாளா? கேட்கலை. நான் விபூதித் தட்டைக் கையில வச்சுக்கிட்டு இந்த வாசப்படியில நிப்பேன். சாடையாக் கூட நின்னு பார்த்தேன். அவ நோட்டீஸை எண்ணிக்கிட்டே தாண்டிப் போயிருவா. மகளா இருந்தா என்ன, கேட்கணும்ல? கேட்காம குடுத்தா அது ஆசீர்வாதம் ஆகுமா?

டீ ஆறுது, குடி. சக்கரை போதுமா?

அந்த நேரத்துலதான் தனபாலன் வர்றான். அரிசி மண்டி வச்சிருக்கிறவன். ரேணுவை எதிர்த்து நின்ன வேட்பாளர் அவன் பொண்டாட்டி சாந்தாமணி, ஆனா அந்தம்மா வாயைத் திறந்து நான் கேட்டதே இல்லை. எல்லாம் இவன்தான். ரேணு ஓட்டுக் கேட்கப் போயிருந்த நேரம். தட்டுல வெத்தலை, பழம், ஒரு பட்டுச் சேலை. பொண்டாட்டியும் கூட வந்துச்சு. ரெண்டு பேரும் வாசல்ல நெடுஞ்சாண்கிடையா விழுந்துட்டாங்க. "பவளம்மா, உங்க கை பட்டாத்தான் காரியம் ஆகும். எங்க கடைக்கு உங்க கைதானே மொதக் கை"ன்னான். நெசந்தான், அவன் மண்டி தொறந்தப்ப நான்தான் கல்லாவைத் தொட்டுக் குடுத்தேன். விழுந்து கெடக்கிறவனை நான் என்ன, போடான்னு மிதிக்கவா முடியும்? விபூதி பூசினேன். திருஷ்டி கழிச்சேன். "வெற்றி உனக்குத்தான்யா"ன்னேன். அது நாங்க எல்லாருக்கும் சொல்றதுதான். பரீட்சைக்குப் போற பிள்ளைக்கும் அதைத்தான் சொல்லுவேன்.

அவன் கூட வந்த ஒருத்தன் ஃபோன்ல படம் எடுத்தான். எடுத்தா எடுக்கட்டும், ஒளிச்சு மறைச்சா பண்ணேன்?

அந்தச் சேலையா? இதான், கட்டியிருக்கேனே. நல்ல சேலை. நீ வர்றேன்னு ஹெலன் மேடம் காலையில ஃபோன்ல சொல்லுச்சு, ரேணு பக்கம் இருந்து ஆள் வருதேன்னு நல்லதா ஒண்ணு கட்டிக்கிட்டேன்.

சாயங்காலத்துக்குள்ள வார்டு பூரா அந்தப் படம். "வளர்த்த தாயே ஆசீர்வாதம் பண்ணியாச்சு, வெற்றி யாருக்கு?"ன்னு பாட்டெல்லாம் போட்டு. ரேணு ஏதோ வீட்டு வாசல்ல நின்னு ஓட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தப்ப அந்த வீட்டுக்காரியே எடுத்துக் காமிச்சிருக்கா. வீட்டுக்கு வந்தா. கத்தலை. கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன், முடிஞ்சிருக்கும். இந்தா நீ உட்கார்ந்திருக்க எடத்துல உட்கார்ந்து, "ஏம்மா?"ன்னு கேட்டா. "அவன் கேட்டான், நீ கேட்கலை"ன்னேன். உள்ளதைத்தானே சொன்னேன்? மூஞ்சியைக் கழுவிட்டு மறுபடி ஓட்டுக் கேட்கப் போயிட்டா. நான் போட்டு வச்ச சோத்தைத் தொடலை.

நீ ஒண்ணு புரிஞ்சுக்கணும். என் ஓட்டு அவளுக்குத்தான். மாரியாத்தா சத்தியமா தையல் மிஷினைத்தான் அமுத்துனேன். அவளோட சேர்ந்து பொம்பளைங்க லைன்லதான் நின்னேன். முன்னால நின்னவ தள்ளி நின்னா, பின்னால நின்னவ சிரிச்சா, எல்லாத்தையும் பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னு போட்டேன். ஆசீர்வாதம் வேற, ஓட்டு வேற. இதை எத்தனை தடவை எழுதியிருக்கேன் தெரியுமா? இந்தா பாரு, இந்தப் பக்கம். இந்தப் பக்கம். இதுல கீழே ரெண்டு கோடு போட்டிருக்கேன். இது இந்த ஊர்ச் சனத்துக்கும் புரியலை, பி.ஏ. படிச்ச என் மகளுக்கும் புரியலை.

எண்ணி முடிச்சப்ப அவளுக்கு விழுந்தது கை விரல் விட்டு எண்ணுற அளவுதான். மனு எழுதி வாங்குனவங்க போட்டிருந்தாலே டெபாசிட் தேறியிருக்கும். என்னைக் கேட்டா அதுக்குத்தான் அவ கோவப்படணும். பென்சன் வாங்குற கெழங்கட்டைக மேல கோவப்படட்டும். அவங்களை விட்டுட்டு என் மேல வந்து நிக்கிறா.

சொல்றேன், சொல்றேன். அந்த வெற்றி ஊர்வலத்துக்குத்தான் வர்றேன்.

கொட்டு, வெடி, மாலை, டிராக்டர் எல்லாம் வச்சு வந்தாய்ங்க. நேரா எங்க வாசலுக்கு. தனபாலன் எறங்கி வந்து என் காலடியில விழுந்தான். "உங்க வாக்குப் பலிச்சிருச்சும்மா"ன்னான். ஒரு நிமிசம் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. பொய் சொல்ல மாட்டேன். இந்த ஊர்ல என்னைப் பார்த்தா மூஞ்சியைத் திருப்புறவன் பூரா அன்னைக்கு என் வாசல்ல நிக்கிறான். நான் உள்ளே போய்த் தட்டு எடுத்தாந்தேன், கற்பூரம் ஏத்துனேன்.

ரேணு அப்பத்தான் ஓட்டு எண்ணுற எடத்துல இருந்து நடந்தே வந்திருக்கா. வாசலுக்கு முன்னால கூட்டத்துக்குள்ள மாட்டிக்கிட்டா. தண்ணியைப் போட்ட பயலுக. "பொம்பளை வார்டுல நின்னேல்ல, பொம்பளைதானான்னு பார்ப்போம்"னு சொல்லிச் சேலையை உருவியிருக்காய்ங்க. பாவாடையோட, அத்தனை பேர் முன்னால. ஃபோன்ல வேற எடுத்திருக்காய்ங்க. அவ அம்மா அம்மான்னு கத்துனதா சொல்றா. கொட்டுச் சத்தம் தாயி. வெடிச் சத்தம். எனக்கு எப்படிக் கேட்கும்? நான் குனிஞ்சு விபூதி பூசிக்கிட்டு இருக்கேன். நிமிர்ந்து பார்த்தப்ப கூட்டம் கலைஞ்சு போச்சு. அவ அந்தா, அந்த போர் பைப்புக்குப் பக்கத்துல குத்தவச்சு உட்கார்ந்திருக்கா, எவளோ ஒருத்தி துண்டைப் போர்த்தி விட்டிருக்கா.

ஓடித்தான் போனேன். தூக்கத்தான் போனேன். கையைத் தட்டி விட்டுட்டா.

மறுநாள் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தா. நல்லாத்தான் எழுதுவா, சொல்லணுமா. போலீஸ்காரர் வந்து என்னைக் கேட்டாரு. "உங்க வாசல்லதான் நடந்துச்சுங்கிறாங்க. நீங்க பார்த்தீங்களா? சத்தம் ஏதும் கேட்டுச்சா?" பார்க்கலைய்யா, கேட்கலைய்யான்னேன். பார்க்காததை எப்படிப் பார்த்தேன்னு சொல்றது? எழுதிக்கிட்டுப் போயிட்டாரு. அப்புறம் தெருவுல யாருமே பார்க்கலைன்னுட்டாங்க. வளர்த்தவளே கேட்கலைங்கிறா, எங்களுக்கென்னன்னுட்டாங்க. கேசு நிக்கலை. அதுக்கும் நான்தான் காரணமாம்.

அந்த வாரந்தான் ஹெலன் மேடம் நோட்டு குடுத்துச்சு. நான் ஒழுங்கா எழுதிக்கிட்டு வந்தேன் தாயி, ஒரு நாள் விடலை. படிக்கிறேன் கேளு. "இன்று வருத்தம். ரேணு பேசவில்லை." "இன்று ரசம் வைத்தேன். ரேணு சாப்பிடவில்லை. கோவம்." "இன்று கடை கடையாகக் காசு கேட்கப் போனேன். தனபாலன் மண்டியில் நல்ல மரியாதை." "இன்று ரேணு பையில் துணி எடுத்து வைத்தாள். நான் ஏன் என்று கேட்கவில்லை. அவளே சொல்லட்டும்." அவ சொல்லலை. பையைக்கூட எடுக்காம, கட்டியிருந்த துணியோட ஒரு விடியக்காலையில போயிட்டா. "இன்று ரேணு இல்லை. காரணம் தெரியவில்லை."

இதுவா? இந்தப் பக்கத்தைத் தள்ளு. இது ஒண்ணுமில்லை. பக்கம் பூரா அம்மா அம்மான்னு எழுதியிருக்கேன், ஆமா. மேடமும் இதைத்தான் கேட்டுச்சு, இது யார் கூப்பிடுறதுன்னு. எனக்கென்ன தெரியும்? அன்னைக்குக் காய்ச்சல். கை பாட்டுக்கு எழுதியிருக்கு. அதுக்குப் பொறவு கொஞ்ச நாளா கொட்டுச் சத்தம் கேட்டா கதவைச் சாத்திக்கிறேன், கல்யாண வீட்டுக்குக் கூடப் போறதில்லை. வயசாகுதுல்ல.

நான் அவளை வெறுக்கலை தாயி. அதை அவகிட்ட சொல்லு. விடிஞ்சா அவ தட்டையும் சேர்த்துத்தான் கழுவி வைக்கிறேன். எங்கள்ல ஒரு ஆளு செத்தா தூக்க மகதான் வரணும். எனக்கு வேற யார் இருக்கா? அவ வரலைன்னா நாதியத்துப் போவேன். ஊர்க்காரன் என் விபூதிக்கு வருவான், என் பொணத்துக்கு வருவானா?

தப்புன்னு சொல்லு, தப்புன்னு சொல்லுங்கிறா. எதைத் தப்புன்னு சொல்ல? முறைப்படி செஞ்சதைத் தப்புன்னு சொன்னா, இத்தனை வருசம் இந்தக் கையால குடுத்ததெல்லாம் என்ன ஆகும்? அப்புறம் நான் யாரு? கடைக் கடையாக் கையை நீட்டுறவ, அவ்வளவுதானே?

சரி. சரி விடு. உன் மூஞ்சியைப் பார்த்தாப் பாவமா இருக்கு. ராவெல்லாம் பஸ்ஸுல வந்த பிள்ளை. வெறுங்கையோட உன்னை அனுப்ப மாட்டேன். ஒரு வார்த்தைதானே? ஃபோனை எடு. என் மக எனக்குப் பெரிசா, அந்த ஒரு வார்த்தை பெரிசா? சொல்லிடுறேன். பொறு, தலையைச் சீவிக்கிறேன். பொட்டு சரியா இருக்கா? இந்தப் பக்கம் வெளிச்சம் போதுமா? எங்கே பார்க்கணும், இந்தக் கறுப்புப் புள்ளியையா? சரி, எடு. ஆரம்பிச்சுட்டியா?

ரேணு. அம்மா பேசுறேன்டி. நல்லா இருக்கியா? நீ எளைச்சுப் போயிட்டேன்னு இந்தப் பிள்ளை சொல்லுது. வேளைக்குச் சாப்பிடு. இந்தப் பிள்ளை எல்லாம் சொல்லுச்சு. நீ கேட்ட வார்த்தையைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கேன். ரேணு, நான்... நான் உனக்கு ஒரு கெடுதலும் நினைச்சதில்லைடி. அது உனக்கே தெரியும். அன்னைக்கு நீ கூப்பிட்டே. மொதல் தடவை கூப்பிட்டப்பவே திரும்பணும்னுதான் நினைச்சேன். ஆனா கற்பூரம் எரியுது, அந்த ஆள் தலை என் காலடியில கெடக்கு. ரெண்டாவது தடவை நீ கூப்பிட்டப்ப உன் குரல் ஒடைஞ்சு போச்சு, சின்னப் பிள்ளை குரல் மாதிரி ஆயிருச்சு, எனக்குக் கை தவறி விபூதி கொட்டுச்சு. ஆனாலும் பாதியில விடக் கூடாதுல்லடி? இந்தா முடிச்சுட்டு வந்துர்றேன், முடிச்சுட்டு வந்துர்றேன்னு மனசுக்குள்ள உனக்குப் பதில் சொல்லிக்கிட்டேதான் பூசினேன்...

ஏன் தாயி ஃபோனை எறக்கிட்டே? நின்னு போச்சா? என்ன அப்படிப் பார்க்கிறே, நான் என்ன சொல்லிட்டேன் இப்ப? எங்கே எந்திரிக்கிறே? பையை ஏன் எடுக்கிறே, அதை வை. வைன்னு சொல்றேன்ல. உட்காரு தாயி. அந்த வார்த்தைக்கு இனிமேத்தானே வரப் போறேன்.